தலைவருக்கு ஒரு ஜெர்மன் ஹப்

சைக்கிளின் பின் சக்கரத்துக்கு ஹப் மாற்ற வேண்டும். அன்றைக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

ஹப் என்றால் சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடம். அதற்குள் இருக்கிற பால்ரஸ் குண்டுகள் தேய்ந்துபோய், என் பின் சக்கரம் குடித்தவன் நடப்பதைப் போல ஆடிக்கொண்டிருந்தது. தொழிலாளர் தலைவன் ஆடிக்கொண்டே வந்தால் ஊர் என்ன நினைக்கும்? ஏற்கெனவே நினைத்துக்கொண்டுதான் இருந்தது.

எழுபதுகளின் கடைசி அது. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் அப்போது ஆலை என்று சொல்லத்தக்கவை சிலதான். அவற்றில் ஒன்று பென்னலூருக்குப் பக்கத்தில் இருந்த இரும்பு வார்ப்பு ஆலை. அங்கே சங்கம் வைத்தவன் நான். பள்ளிக்கூடம் எனக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது. மீதிப் படிப்பு முழுக்கத் துண்டுப் பிரசுரத்தில் படித்தது. அதனால் உலகத்தில் எதைப் பற்றியும் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. சைக்கிளைப் பற்றியும் இருந்தது.

அந்தக் காலத்தில் ஒரு கூட்டம் திரிந்தது. சைக்கிளை ஓட்டுவதற்கு வாங்காமல் அலங்கரிப்பதற்கு வாங்குகிற கூட்டம். டைனமோவா, பாரின். மணியா, பாரின். சீட்டுக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங்கும் கப்பலில்தான் வர வேண்டும். அதன்மேல் உட்காருகிற பாகம் மட்டும் நம் ஊர்ச் சரக்கு.

இவர்களை ஒரகடத்தில் ஒரு கூட்டத்தில் கிழித்துப் பேசினேன். நன்றாகக் கைதட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேர் பாரின் இரட்டை மணி அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஹப்புக்கு இவ்வளவு அவசரம் எதற்கு என்றால், மாணிக்கத்துக்காக.

மாணிக்கம் சேரப்பணஞ்சேரிக்காரன். ஆலையில் உருகிய இரும்பை அச்சில் ஊற்றுகிற வேலை. ரப்பர் செருப்போடு நின்று ஊற்றிக்கொண்டிருந்தவன் காலில் ஒரு துளி தெறித்தது. கட்டுப் போட்ட காலோடு போய், “ஷூ குடுங்க சார்” என்று கேட்டான். வேலையை விட்டே நிறுத்திவிட்டார்கள்.

அந்தச் செய்தி செங்கல் சூளை மேஸ்திரி ஒருவன் காதுக்கு உடனே போய்விட்டது. இந்த மாதிரிச் செய்தி அவர்களுக்கு மட்டும் எப்படியோ போய்ச் சேரும். அவன் முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாணிக்கத்தின் வீட்டு வாசலுக்கு நடந்துகொண்டே இருந்தான். திங்கட்கிழமைக்குள் ஆலையில் ஒரு வழி பிறக்காவிட்டால் மாணிக்கம் பெண்டாட்டி பிள்ளைகளோடு சூளைக்குப் போக வேண்டும். சூளைக்குப் போன குடும்பம் எப்போது திரும்பும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை.

ஆலையின் லேபர் ஆபீசரைப் போய்ப் பார்த்தேன். மெட்ராஸில் படித்த மனிதர். நாற்காலியில் உட்காரச் சொல்லாமலே மரியாதையாகப் பேசத் தெரிந்தவர்.

“உங்க பின்னாடி எத்தனை பேர் இருக்காங்கன்னு காட்டுங்க மிஸ்டர். அப்புறம் மாணிக்கத்தைப் பத்திப் பேசலாம்.”

“காட்டறேன்” என்றேன். சனிக்கிழமை சைக்கிள் ஊர்வலம் என்று முடிவாயிற்று.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஆலை வாசலில் கோஷம் போடக் கூடாது, வழி மறிக்கக் கூடாது என்று நிர்வாகம் கோர்ட்டில் தடை வாங்கி வைத்திருந்தது. வாயைத் திறந்தால் கேஸ். இதற்கும் நான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன்.

ஓடுகிற சைக்கிளில் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினால், பின் சக்கரத்தில் செயின் மாட்டுகிற பல்சக்கரமான ஃப்ரீவீல் ‘கிர்ர்ர்’ என்று கத்தும். ஒரு சைக்கிள் கத்தினால் ஒன்றுமில்லை. ஊர்வலம் முழுவதும் ஒரே நேரத்தில் சுற்றினால் உலையின் இரைச்சலைத் தாண்டி உள்ளே கேட்கும். உள்ளே ஷிப்டில் இருக்கிறவன், நம் ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்துகொள்வான். நான் கையை உயர்த்த வேண்டும், எல்லோரும் பின்னால் சுற்ற வேண்டும். அதுதான் முறை. போலீசார் எவ்வளவு புரட்டியும் சட்டப் புத்தகத்தில் ஃப்ரீவீலைப் பற்றி எதுவும் கிடைக்கவில்லை.

இந்த முறையைக் கண்டுபிடித்தவன் நான். நீங்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

ஜெயராஜின் சைக்கிள் கடை ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டுச் சொன்னேன்.

“ஹப் போச்சு ஜெயராஜு. ஒண்ணு போடு. சாதாரணமா போதும்.”

“சாதாரணம் கீது தலைவரே. போட்டுக்கோ. அடுத்த மழைக்கு மறுபடியும் வா. எனக்கு இன்னா கஷ்டம்?”

சொல்லிக்கொண்டே மேஜைக்கு அடியில் கையை விட்டு, எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒன்றை எடுத்தான். குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினான்.

“இது ஜெர்மன்.”

“உள்ள வை. எனக்கு அந்த வியாதி இல்ல.”

“வாங்க வேணாம். கையில வாங்கிப் பாரு. பாத்தா துட்டா?”

வாங்கினேன். தோல்வி அங்கேயே ஆரம்பித்துவிட்டது. குடத்தைப் பிடித்துக்கொண்டு அச்சை ஒரு விரலால் சுற்றிவிட்டேன். அது சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் ஜெயராஜைப் பார்த்தேன். அவன் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். அனுபவசாலி.

“பிரேக்கு அதுக்குள்ளயே கீது” என்றான். “பின்னால மிதிச்சா வண்டி அப்படியே நிக்கும். மழையோ சேறோ, மிதி, நிக்கும்.”

விலையைக் கேட்டேன். சொன்னான். ஹப்பை மேஜையில் வைத்துவிட்டேன்.

“இதுக்கு நம்ம ஊரு ஹப் ஆறு வாங்கலாம்யா.”

“ஆறு வாங்கி ஆறையும் சக்கரத்துல மாட்டுவியா?”

“இதெல்லாம் முதலாளி வூட்டுப் பசங்களுக்கு. பாரின்னு முத்திரை குத்தினா பல்லு குச்சியக் கூட மூணு விலை குடுத்து வாங்குவானுங்க.”

ஜெயராஜ் எழுந்து வந்தான். ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

“எந்த ஜெர்மனின்னு நீ கேக்கவே இல்லியே தலைவரே.”

“எந்த ஜெர்மனி?”

“கிழக்கு.”

நான் ஹப்பை மறுபடியும் கையில் எடுத்தேன்.

கிழக்கு ஜெர்மனி தொழிலாளர் ஆட்சி நடந்த நாடு. அதைப் பற்றி வழவழப்பான தாளில் அச்சடித்த பிரசுரம் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் இருக்கிற ஆலைத் தொழிலாளிகள் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அத்தனை பேர் காலிலும் ஷூ இருக்கும். அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஒருவன் கையால் செய்த ஹப்பா இது? அப்படியானால் கூடுதலாகக் கொடுக்கிற காசு விலையே இல்லை. அது சர்வதேச ஒருமைப்பாடு.

இப்போது எனக்குத் தெரிகிறது. கோயில் குருக்கள் கடைக்கு வந்திருந்தால் அதே ஹப் காசியில் இருந்து வந்திருக்கும்.

“போடு” என்றேன்.

“இதுல கம்பி மாட்ற ஓட்ட கம்மி தலைவரே. ரிம்மையும் மாத்தணும்.”

“மாத்து.”

“ரிம்மு மாத்தினா கம்பியும் புதுசு.”

“போடு.”

“செயின் ஒண்ணு பயசா கீது பாரு. அத்த வெச்சி இத்த ஓட்டினா நல்லாவா இருக்கும்?”

நல்லா இருக்காதுதான். உயர்ந்த சாமான் ஒன்று வீட்டுக்குள் நுழைந்தால், மற்றதெல்லாம் அதற்கு முன்னால் வெட்கப்பட்டுச் செத்துப்போகும். பழைய ஃப்ரீவீலைக் கழற்றிப் போட்டான். பின் பிரேக் கம்பியையும் கழற்றி, “இனிமே இது உனக்கு இன்னாத்துக்கு?” என்று கேட்டுத் தானே வைத்துக்கொண்டான். நான் அதற்கு நன்றி வேறு சொன்னேன்.

அந்தக் காசு, வீட்டுக் கூரைக்கு ஓலை மாற்ற என் மனைவி தனம் ஒதுக்கி வைத்திருந்தது. சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“எங்க கீது அது?”

“சக்கரத்துக்கு நடுவுல. பளபளன்னு தெரியுது பாரு.”

“இம்மாந்துண்டா?”

“கிழக்கு ஜெர்மனி தனம். தொழிலாளிங்க நாடு.”

“மழ வரட்டும். அத்த தல மேல புடிச்சிக்கினு நில்லு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அரசியல் அறிவு இல்லாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் முதல் சங்கடம். நாம் சைக்கிளில் ஏறும்போது என்ன செய்வோம்? பெடல் கீழே இருந்தால் காலால் பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி மேலே கொண்டுவந்து, அதில் காலை வைத்து ஏறுவோம். இந்த ஹப்பில் பெடல் பின்னால் சுற்றாது. சுற்றினால் பிரேக். பெடலை மேலே கொண்டுவர வேண்டுமானால் வண்டியையே முன்னால் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

பஸ் நிலையத்தில் நூறு ஜனம் பார்க்க, நான் சைக்கிளைத் தள்ளினேன், பெடலைப் பார்த்தேன், மறுபடியும் தள்ளினேன், குனிந்து பார்த்தேன். வெற்றிலைக் கடைக்காரர் விசாரித்தார்.

“இன்னா தலைவரே, எதனா விழுந்துடுச்சா?”

“ஒண்ணும் இல்ல. ஏறப் போறேன்.”

“ஏறு, ஏறு. இப்பிடியே எத்தினி நாளைக்கு ஏறப் போற?”

இரண்டாவது சங்கடம் படப்பையில். ஃப்ரீவீல் போனதால் என் சைக்கிளுக்குச் சத்தமே இல்லாமல் போய்விட்டது. முன்பெல்லாம் நான் வருவது தெருமுனையிலேயே கேட்கும். அன்று டீக்கடைக்குப் பூனை போல வந்து நின்றேன். சங்கத்து ஆட்கள் இருவர் எனக்கு முதுகைக் காட்டியபடி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“சீக்கிரம் குடி மச்சான். பெருசு வர்ற நேரம்.”

“வந்தா இன்னா?”

“வந்தா உலகப் பொருளாதாரம். டீ ஆறிப்போய் ஆடை கட்டினாலும் விடாது.”

“போன தபா சீனா வரைக்கும் போச்சி. நான் பஸ்ஸ உட்டேன்.”

நான் தொண்டையைக் கனைத்தேன். இருவரும் எழுந்து நின்றார்கள். அதில் ஒருவன் சமாளித்தான். “ஒங்களப் பத்திதான் தலைவரே பேசிக்கினு இருந்தோம். நூறு ஆயுசு.”

ஆயுசு நூறு என்றால் இன்னும் எத்தனை பேர் பஸ்ஸை விட வேண்டியிருக்குமோ. விலை உயர்ந்த சாமான் வாங்கினால் இப்படி அறிவும் வளரும்.

சனிக்கிழமை வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் சைக்கிள்கள் வரிசை வரிசையாகச் சேர்ந்தன. நானே எதிர்பார்க்கவில்லை. வார்ப்பு ஆலையின் மற்ற ஷிப்ட் ஆட்கள், அரிசி மில்காரர்கள், சிங்கப்பெருமாள் கோவில் பக்கமிருந்து கல் உடைக்கிறவர்கள் என்று தெரு நிறைந்துவிட்டது. ஒருவன் காலில் இரும்பு தெறித்த கதை எல்லோருக்கும் சொந்தக் கதையாகப் பட்டது போல.

மாணிக்கத்தின் கால் ஆறவில்லை. என் கேரியரில் உட்கார்ந்துகொண்டான். லேபர் ஆபீசர் மாடி ஜன்னலில் இருந்து பார்ப்பார், பார்க்கிறபோது கட்டுப் போட்ட கால் முதலில் தெரிய வேண்டும் என்பது என் திட்டம்.

புறப்படும்போது மாணிக்கம் சொன்னான்.

“அண்ணே, ஒங்க வண்டியில ஃப்ரீவீல் இல்லயே. கேட்டாண்ட சத்தம் எப்பிடி வரும்? நாம கொஞ்சம் நடுவுல போயிடலாமா?”

“தலைவன் நடுவுல போற ஊர்வலத்த எங்கயாவது பாத்திருக்கியா?”

“இல்லண்ணே.”

“அப்ப பேசாம உக்காரு. நான் கையத் தூக்குவேன். சத்தத்த மத்தவங்க போடுவாங்க.”

தெளிவாகத்தான் சொன்னேன். வாய்க்குத் தெரிந்தது. காலுக்கு யார் சொல்வது?

பெரிய சாலையிலிருந்து ஆலைக்கு ஒரு மண் சாலை பிரிகிறது. அதில் திரும்பினோம். கேட்டுக்கு வெளியே ஒரு சப் இன்ஸ்பெக்டரும் நாலைந்து போலீசாரும் நின்றிருந்தார்கள். கேட்டுக்கு உள்ளே சரக்கு ஏற்றிய லாரி ஒன்று வெளியே வரத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. மாடி ஜன்னலில் லேபர் ஆபீசர், கையில் காப்பி.

நெஞ்சு விம்மியது. திரும்பிப் பார்த்தேன், மண் சாலை முழுக்க சைக்கிள். ஒரு வார்த்தை பேச்சில்லை. கேட்டுக்கு நேரே வந்ததும் இடது கையை முஷ்டி மடக்கி உயர்த்தினேன்.

பத்து வருடமாகக் கை உயரும்போதெல்லாம் என் கால் ஒரு காரியத்தைச் செய்து வந்திருக்கிறது. அன்றும் செய்தது. என் கட்டளைக்கு உடனடியாகக் கீழ்ப்படிந்த உறுப்பினர் என் வாழ்க்கையில் அந்தக் கால் ஒன்றுதான்.

பின்னால் மிதித்தேன். ஜெயராஜ் பொய் சொல்லவில்லை. வண்டி அப்படியே நின்றது.

எனக்குப் பின்னால் வந்தவர்கள் நிற்கவில்லை. அவர்களிடம் இருந்தது நம் ஊர்ச் சாமான்தானே. எல்லோரும் முறைப்படி மிதிப்பதை விட்டுவிட்டு ‘கிர்ர்ர்’ என்று பெடலைப் பின்னால் சுற்றிக்கொண்டே வந்தார்கள். சுற்றிக்கொண்டே என்மேல் ஏறினார்கள். முதல் வரிசை என்மேல், இரண்டாம் வரிசை முதல் வரிசைமேல். ஒருவன் பெடல் அடுத்தவன் சக்கரக் கம்பிக்குள், ஒருவன் ஹேண்டில்பார் இன்னொருவன் கேரியருக்குள்.

கடைசி வரிசைக்காரர்களுக்கு நிற்க நேரம் இருந்தது. நின்றார்கள். பார்த்தார்கள். “தலைவர் புதுசா எதோ கொண்டாந்துகீறாரு” என்று முடிவு கட்டி, தங்கள் சைக்கிள்களை அலுங்காமல் குவியலின்மேல் சாய்த்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டார்கள். சங்கக் கட்டுப்பாடு என்றால் என்ன என்று நான் வருடக்கணக்கில் வகுப்பு எடுத்திருக்கிறேன். அது பலித்த நாள் அதுதான்.

நின்றுகொண்டிருந்தவன் மாணிக்கம் ஒருவன்தான். கேரியரில் இருந்தவன் ஒற்றைக் காலால் குதித்துத் தப்பித்துவிட்டான். தலைவன் அடியிலே, தொழிலாளி மேலே. பிரசுரங்களில் இப்படி நடக்கும் என்று எழுதித்தான் இருந்தது. இந்த வழியாக நடக்கும் என்று எழுதவில்லை.

நான் என் சைக்கிளுக்குக் கீழே கிடந்தேன். மூக்குக்கு முன்னால் ஹப். அதன்மேல் ஜெயராஜ் தாராளமாக அப்பியிருந்த கிரீஸ் என் கன்னத்தில் துடைபட்டு, அடியில் இங்கிலீஷ் எழுத்துகள் தெரிந்தன. நகர முடியாத நிலைமை, வேறு வேலையும் இல்லை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். மேற்கு ஜெர்மனி.

அதற்குள் லாரி டிரைவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்திருந்தார். கேட்டுக்கு முன்னால் சாலையின் குறுக்கே ஒரு முழு ஊர்வலம் இரும்புக் குவியலாகக் கிடந்தது. லாரியிலிருந்த சரக்கு அன்றைக்கே மெட்ராஸ் துறைமுகம் போக வேண்டியது. லேபர் ஆபீசர் காப்பியோடு கீழே ஓடி வந்தார்.

“என்ன இன்ஸ்பெக்டர் இது? கோர்ட் ஆர்டர் இருக்கு. மறியல் பண்றாங்க, எல்லாரையும் அரெஸ்ட் பண்ணுங்க.”

சப் இன்ஸ்பெக்டர் குனிந்து, குவியலுக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

“யோவ் தலைவரே. இது மறியலா, விபத்தா?”

மறியல் என்று சொன்னால் கௌரவம். ஊரே பேசும். ஆனால் தடை உத்தரவை மீறிய குற்றம், அத்தனை பேரும் உள்ளே போவார்கள், மாணிக்கம் சூளைக்குப் போவான். மறியலில் பலமுறை கைதானவன் நான். விபத்து என்று சொல்லி ஒருமுறையும் தப்பித்ததில்லை.

“விபத்து” என்றேன்.

“கேக்கல.”

“விபத்துங்க.”

“எப்பிடி விபத்து? ரோட்டுல மாடு வந்துச்சா, ஆடு வந்துச்சா? நான்தான் பாத்துக்கிட்டே நிக்கறேனே.”

கேட்டுக்கு உள்ளே ஆட்கள் வந்து நிற்பது எனக்குக் கால்களாகத் தெரிந்தது.

“எனக்கு சைக்கிள் சரியா ஓட்ட வராதுங்க” என்றேன்.

என்மேல் கிடந்த அரிசி மில்காரன் ஒருவன் குலுங்கினான். வலியில் குலுங்குகிறான் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறான்.

மாணிக்கம் உடனே பிடித்துக்கொண்டான். “கேட்டுக்கினீங்களா சார்? தலைவரே சொல்லிட்டாரு. அவருக்கு சுத்தமா ஓட்ட வராது. இத்தினி நாளா எப்பிடி ஓட்டினாருன்னே தெரியல. சைக்கிள்லேர்ந்து வியக் கூடாதுன்னு கோர்ட்டு எதனா சொல்லிகீதா?”

சப் இன்ஸ்பெக்டர் யோசித்தார். “விழறதப் பத்தி ஒண்ணும் இல்ல” என்றார். அவருக்கும் அன்று யாரையும் ஏற்றிக்கொண்டு போக மனமில்லை. வண்டி ஒன்றுதான் இருந்தது.

“அப்ப எடுங்க. உடனே எடுங்க” என்றார் லேபர் ஆபீசர்.

ஆலைக் காவலாளிகள் வந்து ஒரு சைக்கிளைப் பிடித்து இழுத்தார்கள். கூடவே நான்கு சைக்கிள் வந்தது, அடியில் ஒருவன் “ஐயோ, என் காது” என்று கத்தினான். விட்டுவிட்டார்கள். கீழே கிடந்தவர்களுக்கோ கை சும்மா இருக்கவில்லை. எட்டிய பெடலைக் கையாலேயே பின்பக்கமாகச் சுற்றத் தொடங்கினார்கள். ஒருவன் சுற்ற, பத்துப் பேர் சுற்ற, மண் சாலையே ‘கிர்ர்ர்’ என்று கத்தியது. உள்ளே மீதியிருந்த ஷிப்ட் ஆட்களும் வேலையைப் போட்டுவிட்டுக் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். உலையைப் பார்க்க ஆள் இல்லை.

“என்னய்யா சத்தம் அது?” என்றார் லேபர் ஆபீசர்.

“சிக்கினத எடுக்கப் பாக்கறாங்க சார்” என்றான் மாணிக்கம். “சக்கரம் சுத்தினாதான வரும். ஆனா இது ரொம்ப சிக்கிக்கினு கீது. பொறுமையா எடுக்கணும். இயுத்தா கம்பி ஒடிஞ்சிடும். ஏயப்பட்ட சனங்க சைக்கிளு.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“அது எங்கிட்ட இன்னா இருக்கு சார்? நான் வேல இல்லாதவன். எனக்கு சாயங்காலம் வரைக்கும் நேரம் கீது.”

லாரி ஹாரன் அடித்தது. லேபர் ஆபீசர் லாரியைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், ஆள் இல்லாத உலையின் பக்கம் பார்த்தார். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று காட்டச் சொன்னவர் அவர்தானே. இவ்வளவு பக்கத்தில் காட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

“திங்கக்கிழமை வேலைக்கு வா” என்றார்.

“ஷூ சார்?”

“ஷூவும் வாங்கித் தரோம்.”

“எனக்கு மட்டுமா, ஊத்தற எல்லாருக்குமா சார்?”

“எல்லாருக்கும்யா. முதல்ல எடு இதை.”

“இன்ஸ்பெக்டர் ஐயா, கேட்டுக்கினீங்க இல்ல?”

“கேட்டேன், கேட்டேன். எடுய்யா” என்றார் சப் இன்ஸ்பெக்டர்.

மாணிக்கம் திரும்பி, “எந்திரிங்கப்பா” என்றான். சாயங்காலம் வரை ஆகும் என்ற சிக்கல், லாரி டிரைவர் ஒரு பீடியைக் குடித்து முடிப்பதற்குள் அவிழ்ந்துவிட்டது. கடைசியாக என்னை எடுத்தார்கள். இடது மணிக்கட்டு முறிந்திருந்தது, உயர்த்திய கை.

என்னை ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டுபோவது என்று பார்த்தார்கள். மெட்ராஸ் பக்கம் போகிற வண்டி ஒன்றுதான் அங்கே இருந்தது. நான் மறித்த லாரியிலேயே, சரக்கின் மேலே என்னை உட்கார வைத்து அனுப்பினார்கள். அந்த ஆலையின் சரக்கோடு சரக்காக, முதலாளி டீசலில், நானும் கேட்டைத் தாண்டிப் போனேன். பின்னால் மாணிக்கத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

மாவுக்கட்டுப் போட்ட கையோடு முதலில் ஜெயராஜ் கடைக்குத்தான் போனேன்.

“ஏன்யா, கிழக்கு ஜெர்மனின்னுதான சொன்ன?”

அவன் கொஞ்சமும் அசரவில்லை. “கிழக்குலேர்ந்து வந்த சரக்குன்னேன் தலைவரே. மெட்ராஸ்லேர்ந்து வந்துது. மெட்ராஸ் நம்மளுக்கு கெயக்காலதான கீது?”

வழக்கமாக வியாபாரிகளைப் பற்றி அரை மணி நேரம் பேசுவேன். அன்று படப்பை டீக்கடை ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டில் தனம் மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தாள். “இது நல்ல கனமா கீது. கூரை ஒயுகினா இத்த வெச்சி அடைக்கலாம்” என்றாள். அந்த மழைக்காலத்தில் நாங்கள் பாத்திரங்களை வைத்துத் தண்ணீர் பிடித்தோம்.

சூளை மேஸ்திரி அதன்பிறகு சேரப்பணஞ்சேரிப் பக்கம் வரவில்லை. மாணிக்கம் வேலைக்குப் போனான், ஷூவோடு. கொஞ்ச மாதம் கழித்து என்னைப் பார்க்க வந்தான். தன் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு, கழற்றி ஆணியில் மாட்டியிருந்த என் ஜெர்மன் ஹப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் அந்த வியாதி தெரிந்தது.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். என் ஹப்பு தேஞ்சிபோச்சி. ஜெயராஜண்ணன் இந்த ஜெர்மன் ஹப்பு போடச் சொல்றாரு. வெல ஜாஸ்தி. குடுக்கற காசுக்கு ஒயைக்குமாண்ணே?”

“நீ தலைவனாகப் போறியா மாணிக்கம்?”

“ஐயய்ய, எனக்கு எதுக்குண்ணே அதெல்லாம்?”

“அப்ப நம்ம ஊரு ஹப்பே போதும்.”